தாழ்ப்பாளில் தொடங்குங்கள்: திருநர், பால்புதுமையினர் நடன நிகழ்ச்சிகளை நடத்திய அனுபவம்

திருநரும் (பிறப்பில் குறிக்கப்பட்ட பாலினத்திலிருந்து மாறுபட்டு வாழ்பவர்கள்) பால்புதுமையினரும் (தன்பாலீர்ப்பு முதலிய மாறுபட்ட பாலியல்பு கொண்டவர்கள்) ஆடும் நடன நிகழ்ச்சி ஒன்றைத் தங்கள் ஊரில் நடத்த விரும்புகிறவர்கள், எந்தெந்த உருப்படிகளை, அதாவது ஆடல்களை, சேர்க்கலாம் என்றுதான் என்னிடம் முதலில் கேட்பார்கள். ஒப்பனை அறைக்குப் பக்கத்தில் கழிப்பறை உண்டா, அதன் தாழ்ப்பாள் வேலை செய்கிறதா என்று நான் திருப்பிக் கேட்பேன். கலையைப் பற்றிப் பேச வந்தால் இவன் தாழ்ப்பாளைப் பற்றிப் பேசுகிறானே என்று அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். சென்னையில் ஒரு சிறிய சமூகக் கலைக்கூடத்தில் சில ஆண்டுகளாக இத்தகைய நிகழ்ச்சிகளின் மேடைப் பொறுப்பை ஏற்று நடத்திவருகிறேன். மேடைக்கு வருமுன்னும் மேடையை விட்டு இறங்கிய பின்னும் ஆடுகிறவரை ஒரு நடனக் கலைஞராக நடத்தத் தவறினால், நடுவில் அவருக்குக் கிடைக்கும் கைதட்டலுக்குப் பொருளில்லை என்பது இந்த ஆண்டுகளில் எனக்கு உறுதிப்பட்ட ஒன்று. அப்படி நடத்துவதற்கு நாங்கள் என்னென்ன செய்கிறோம் என்பதையே இங்கே எழுதுகிறேன்.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நான் தன்பாலீர்ப்புக் கொண்ட ஆண். தஞ்சாவூர்ப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் பரதநாட்டியம் பயின்றேன். ஆண்பிள்ளை தோளை விரித்து ஆட வேண்டும், உடம்பில் குழைவு தெரியக் கூடாது, தாண்டவம்தான் உனக்குப் பொருந்தும் என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவர்களில் ஒருவன். எனக்கோ காதல் ஏக்கத்தை அபிநயத்தால் சொல்லும் பதம் ஆடுவதில்தான் நாட்டம். அதை எனக்குக் கற்றுத்தர என் ஆசிரியருக்கு மனம் வரவில்லை. பிற்காலத்தில் ஆடுவதைக் குறைத்துக்கொண்டு, ஒளியமைப்பு, மேடை நிர்வாகம் என்று சபாக்களில் பிழைப்பைத் தேடிக்கொண்டேன். ஆகவே, ஆடுகிறவரின் பதற்றமும் எனக்குத் தெரியும், திரைக்குப் பின்னால் நிற்பவரின் அலுப்பும் தெரியும்.

நாங்கள் பயன்படுத்தும் இடம் அரங்கமாகக் கட்டப்பட்டதன்று. பழைய வீடொன்றின் நீண்ட கூடமும் அதன் பின்புற முற்றமும்தான் எங்கள் மேடைகள். நெருக்கிப் போட்டால் நூறு நாற்காலிகள் கொள்ளும். வார நாட்களில் அங்கே பிள்ளைகளுக்கு ஓவிய வகுப்பு நடக்கிறது, பறை கற்றுத்தருகிறார்கள், வாசகர் வட்டம் கூடுகிறது. பெசன்ட் நகர்க் கடற்கரையை ஒட்டி நடனக் கலைஞர் சந்திரலேகா உருவாக்கிய ‘ஸ்பேசஸ்’ போன்ற இடங்கள், சபாக்களுக்கு வெளியிலும் நடனத்துக்கு வாழ்வு உண்டு என்பதைச் சென்னைக்கு முன்னரே காட்டியிருந்தன. பெரிய அரங்கத்தை வாடகைக்கு எடுக்க எங்களிடம் பணம் இருந்தாலும் நான் இத்தகைய இடத்தையே தேர்ந்தெடுப்பேன். இங்கே வாயிற்காவலர் முதல் தேநீர் கொடுப்பவர் வரை எல்லோருடனும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிட முடியும். பெரிய அரங்கத்தில் அன்றைய முறைக்கு வரும் காவலர் யாரென்றே தெரியாது. வாசலில் அவர் ஒரு திருநங்கையைத் தடுத்து நிறுத்தி ‘எங்கே போறே?’ என்று கேட்டுவிட்டால், அதற்குப் பிறகு உள்ளே எவ்வளவு மரியாதை காட்டினாலும் அந்தக் கசப்பு அவரை விட்டுப் போவதில்லை.

தமிழ்நாட்டு மேடைக்கு ஆண் பெண் வேடமிடுவது புதிதன்று என்பதை எல்லோரும் சொல்வார்கள். மெலட்டூர் பாகவத மேளாவில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஏற்றுவந்திருக்கிறார்கள். தெருக்கூத்தில் திரௌபதி ஆணின் உடலில்தான் சபதம் செய்கிறாள். ஆந்திரத்தின் குச்சிப்புடியில் வேதாந்தம் சத்தியநாராயண சர்மா பெண் வேடத்துக்காகவே நாடெங்கும் புகழ்பெற்றவர். இந்தப் பட்டியலை அடுக்கிவிட்டு, ஆகவே நம் சமூகம் இதையெல்லாம் எப்போதோ ஏற்றுக்கொண்டுவிட்டது என்று முடிப்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்த வேடதாரிகள் அரிதாரத்தைக் கலைத்துவிட்டு ஆணாக வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கிடைத்த பாராட்டில் அந்தத் திரும்புதலுக்கும் பங்கு உண்டு. அரிதாரத்தைக் கலைத்த பிறகும் பெண்ணாகவே இருக்கிற ஒருவர் அதே பாத்திரத்தை ஆடும்போது, பார்ப்பவரின் கண் பாத்திரத்தை விட்டுவிட்டு அவருடைய குரலையும் தாடையையும் கையின் அகலத்தையும் ஆராயத் தொடங்கிவிடுகிறது. மதுரையில் பிறந்து, தஞ்சை நால்வர் மரபில் வந்த கே. பி. கிட்டப்பா பிள்ளையிடம் நாட்டியம் பயின்று, 2019-இல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை நர்த்தகி நடராஜ் இந்தப் பார்வையைத் தம் கலையின் பலத்தால் கடந்துவந்தவர். கர்நாடகத்தில் எல்லம்மா வழிபாட்டோடு பிணைந்த ஜோகதி ஆட்டத்தின் கலைஞரான திருநங்கை மஞ்சம்மா ஜோகதிக்கு 2021-ஆம் ஆண்டு அதே விருது கிடைத்தது. அவர்கள் இருவரும் மேலே போய்விட்டார்கள் என்பதால் பின்னால் வருகிறவர்களுக்கு ஒப்பனை அறை தானாகத் திறந்துவிடவில்லை.

நிகழ்ச்சி நிரலை அமைக்கும்போது ஏற்பாட்டாளர்கள் வழக்கமாக ஒன்றை எதிர்பார்க்கிறார்கள். ஆடுகிறவர் தம் வாழ்க்கைத் துயரத்தை ஆட வேண்டும்; வீட்டைவிட்டு வெளியேறியதும், அடிபட்டதும், இறுதியில் தலைநிமிர்ந்ததும் அதில் இடம்பெற வேண்டும்; பார்க்கிறவர்கள் கண்கலங்க வேண்டும். விரும்பி அப்படி ஆடுகிறவர்களைத் தடுக்க நான் யார்? ஆனால், பரதநாட்டியக் கச்சேரியின் மையமான நாற்பது நிமிட வர்ணம் ஒன்றை ஆண்டுக்கணக்கில் பயிற்சி செய்து வைத்திருக்கும் ஒரு திருநங்கையிடம், ‘அது இருக்கட்டும், உங்கள் கதையை ஆடுங்களேன்’ என்று சொல்வது அவமதிப்பு. மற்ற நாட்டியக்காரர்கள் எவரிடமும் நாம் இப்படிக் கேட்பதில்லை. எங்கள் முறை எளிமையானது: என்ன ஆட விரும்புகிறீர்கள் என்று கேட்போம், எவ்வளவு நேரம் என்று கேட்போம், அதோடு நிறுத்திக்கொள்வோம்.

அப்படிக் கேட்டதால் நாங்கள் எதிர்பாராதவை எல்லாம் மேடைக்கு வந்தன. இளம்பெண்கள் இருவர் பதம் ஒன்றைச் சேர்ந்து ஆடினார்கள். தலைவி தன் ஏக்கத்தைத் தோழியிடம் சொல்வது பதத்தின் வழக்கமான அமைப்பு. இங்கே தோழியாக ஆடியவர் கேட்டுக்கொண்டே இருந்து, மெல்ல மெல்ல அந்த ஏக்கம் தன்னைக் குறித்ததுதான் என்று புரிந்துகொள்வதாக அபிநயத்தை அமைத்திருந்தார்கள். சாகித்தியத்தில் ஒரு சொல்லையும் மாற்றவில்லை, முத்திரைகளையும் மாற்றவில்லை. யாரைப் பார்த்துக் கண் நிற்கிறது என்பதை மட்டுமே மாற்றினார்கள். மற்றொரு முறை, சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி ஆடும் 11 ஆடல்களுள் ஒன்றான பேடி ஆடலை எடுத்துக்கொண்டு ஒரு திருநங்கை தனி உருப்படி அமைத்தார். வாணன் என்ற அசுரனுடைய சோநகரில் சிறைப்பட்ட மகன் அநிருத்தனை மீட்கக் காமன் பேடிக் கோலத்தில், அதாவது ஆண்மை திரிந்த பெண்மைக் கோலத்தில், ஆடியதாக உரைகாரர் சொல்லும் ஆடல் அது. அவர் காமனை அழகனாகக் காட்டவில்லை, மகனைத் தேடி அலைந்து களைத்த தகப்பனாகக் காட்டினார். நிகழ்ச்சி முடிந்தபின் நடந்த உரையாடலில் ஒருவர் எழுந்து, ‘உங்கள் அப்பா உங்களை ஏற்றுக்கொண்டாரா?’ என்று கேட்டார். அவர் சற்றும் தயங்காமல், ‘ஐயா, மூன்றாவது ஜதியில் திஸ்ரத்துக்கு மாறினேனே, அதைப் பற்றி யாராவது கேளுங்கள்’ என்றார். அதற்குப் பிறகு எங்கள் உரையாடல்களில் நடனத்தைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டுமே இடம் என்று தொடக்கத்திலேயே அறிவித்துவிடுகிறோம். ஆடியவர் தாமாக வேறு பேசினால் அது அவர் விருப்பம்.

பணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் இதில்தான் நல்ல மனம் படைத்தவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். எங்களோடு ஆடும் திருநங்கைகள் சிலர் கோயில் திருவிழாக்களில் கரகம் ஆடுகிறவர்கள். அந்த உலகத்தில் ஒழுங்கான நடைமுறை உண்டு. விழாக் குழுவினர் வெற்றிலைபாக்கோடு முன்பணம் கொடுத்தால்தான் தேதி உறுதியாகும். மேளக்காரர்களின் கூலி, வண்டிச் செலவு, சாப்பாடு எல்லாம் முன்னரே பேசி முடிக்கப்படும். வேறொரு ஊரில் உரிமைகளுக்காகக் குரல் கொடுக்கும் சிலர் நடத்திய விழாவுக்குப் போய்விட்டு வந்த கரகாட்டக்கார அக்கா ஒருவர் என்னிடம் சொன்னது மறக்கவில்லை: ‘தம்பி, ஊர்க் கமிட்டிக்காரன் என்னைப் பின்னால என்ன வேணா பேசுவான். ஆனா முன்பணம் கையில வைக்காம தேதி கேக்கமாட்டான். இந்தப் படிச்ச புள்ளைங்கதான், அக்கா இது நம்ம நிகழ்ச்சிதானே, சும்மா வந்து ஆடுங்கன்னு கூப்பிடுதுங்க.’ நோக்கம் உயர்ந்தது என்பதால் கூலி வேண்டாம் என்றாகிவிடாது. எங்களால் பெருந்தொகை கொடுக்க முடிவதில்லை. ஆயினும் கொடுப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம், பாதியை முன்பணமாகத் தந்துவிடுகிறோம், எல்லோருக்கும் என்ன கொடுக்கிறோம் என்பதை எல்லோருக்கும் தெரிவிக்கிறோம்.

ஒத்திகைக்கும் பணம் கொடுக்க வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. கடை கேட்டு, அதாவது கடைகடையாகச் சென்று காசு கேட்டு, வாழ்கிற திருநங்கை ஒருவர் ஒரு நாள் ஒத்திகைக்கு வந்தால் அன்றைய வருமானம் போயிற்று. அவர் ஒத்திகைக்கு வராததைப் பொறுப்பின்மை என்று எண்ணும் ஏற்பாட்டாளர், அந்த ஒரு நாள் கூலியை மேசைமேல் வைத்துப் பார்க்கட்டும். வங்கிக் கணக்கு இல்லாதவர்களும், கணக்கில் பழைய பெயரே நீடிப்பவர்களும் உண்டு. ஆகையால் பணமாகக் கொடுத்து, அவர் தற்போது வழங்கும் பெயரில் ரசீது வாங்கிக்கொள்வதே எங்கள் வழக்கம். வெளியூரிலிருந்து வருபவருக்கு ரயில் சீட்டு எடுக்கும்போது மட்டும் அடையாள அட்டையில் எந்தப் பெயர் இருக்கிறது என்று தனியாக, மெல்லக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் வழங்கும் அடையாள அட்டையைப் பெற்றவர்களிலும் பலருக்கு ஆதார், பள்ளிச் சான்றிதழ் முதலியவை இன்னும் மாறாமல் இருக்கின்றன. தங்கும் விடுதிகளை நான் நம்புவதில்லை. தொலைபேசியில் அறை தருவதாகச் சொல்லிவிட்டு நேரில் பார்த்ததும் ‘எல்லாம் நிரம்பிவிட்டது’ என்று கைவிரித்த விடுதியை நள்ளிரவில் சந்தித்த பிறகு, நண்பர்கள் வீடுகளிலேயே தங்கவைக்கிறோம்.

தேதி குறிப்பதும் தனிக் கலை. மார்கழியில் கூடமும் கிடைக்காது, மிருதங்கக்காரரும் கிடைக்கமாட்டார். தை, மாசியில் தொடங்கி ஆடி அம்மன் திருவிழாக்கள் வரை கரகாட்டக்காரர்களுக்கு வேலை நாட்கள். அவற்றில் அவர்களை அழைப்பது அவர்கள் பிழைப்பைக் கெடுப்பதாகும். சித்திரை முழுநிலவையொட்டிக் கள்ளக்குறிச்சி மாவட்டம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. அப்போது சென்னையில் திருநங்கைகளைத் தேடினால் யாரும் இருக்கமாட்டார்கள். ஜூன் மாதம் சென்னையில் 2009 முதல் வானவில் பேரணி நடந்துவருவதால் அப்போது எல்லோருக்கும் வேறு வேலைகள் இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் முற்றம் நீரில் நிற்கும். இவ்வளவையும் கழித்துவிட்டுப் பார்த்தால் ஆவணியும் புரட்டாசியுமே மிஞ்சுகின்றன. நாங்கள் பெரும்பாலும் ஆவணியையே எடுத்துக்கொள்கிறோம்.

இடத்தைப் பார்க்கப் போகும்போது அண்ணாந்து பார்க்க வேண்டும். சமூகக் கூடங்களில் மின்விசிறிகள் தாழ்வாகத் தொங்கும். தலையில் கரகம் வைத்தவர் அதன் உச்சியிலுள்ள கிளியோடு சேர்த்து எவ்வளவு உயரம் வருவார் என்பதைக் கணக்கிடாமல் கூடத்துக்குள் கரகத்தை வைக்கலாகாது. நையாண்டி மேளத்தையும் நினைத்துப் பார்க்க வேண்டும். தவிலும் பம்பையும் நூறு நாற்காலி போட்ட அறைக்குள் ஒலித்தால் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பவர் எழுந்து ஓடிவிடுவார். ஆகவே கரகத்தை முற்றத்தில், பொழுது சாய்ந்ததும் முதல் நிகழ்ச்சியாக வைத்துவிடுகிறோம். திறந்தவெளியில் இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாது என்ற விதியும் அதனால் காப்பாற்றப்படுகிறது, அக்கம்பக்கத்தாரும் வேடிக்கை பார்க்க வந்து அப்படியே உள்ளே வந்து உட்கார்ந்துவிடுகிறார்கள். மேளத்தைக் கேட்டு வந்தவர்களில் சிலர் நிகழ்ச்சி அறிவிப்பைப் பார்த்து ஒருபோதும் வந்திருக்கமாட்டார்கள்.

கூடத்தின் தரை சிமெண்டாகவோ வழுக்கும் ஓடாகவோ இருக்கும். அரைமண்டியில் (முழங்காலை மடக்கிப் பாதி அமர்ந்த நிலையில்) தட்டி ஆடுகிறவருக்குச் சிமெண்ட் தரை முழங்காலையும் கெண்டைக்காலுக்கு முன்னுள்ள எலும்பையும் பதம்பார்த்துவிடும். மரச்சட்டங்களின் மேல் தடித்த பிளைவுட் பலகைகளைப் பரப்பி, சட்டங்களுக்கு அடியில் ரப்பர்த் துண்டுகளை வைத்து நாங்கள் ஒரு தற்காலிக மேடை செய்துவைத்திருக்கிறோம். சலங்கை ஒலியும் அதில் தெளிவாக எழுகிறது. ஒவ்வொரு உருப்படிக்கும் இடையில் ஒருவர் மேடையைப் பெருக்கியே ஆக வேண்டும். முந்தியவர் உதிர்த்துவிட்டுப் போன கொக்கியோ ஊசியோ அடுத்து வெறுங்காலோடு வருபவருக்காகக் காத்திருக்கும்.

இப்போது தாழ்ப்பாளுக்கு வருகிறேன். ஒப்பனை அறைகளை ஆண்கள், பெண்கள் என்று பிரித்துப் பலகை மாட்டும் வழக்கத்தை விட்டுவிட்டு, தனித்தனியாகத் திரையிட்ட மூலைகளும் உள்ளே பூட்டிக்கொள்ளக்கூடிய கழிப்பறையும் இருக்குமாறு அமைத்துக்கொள்ள வேண்டும். இதைச் சலுகை என்று எண்ணுகிறவர்களுக்கு ஒரு நடைமுறைக் காரணம் சொல்கிறேன். எந்தக் கழிப்பறைக்குப் போவது, அங்கே யார் என்ன சொல்வார்கள் என்ற அச்சத்தில் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் மேடைக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஆண் ஹார்மோனைத் தடுக்கத் திருநங்கைகள் சிலர் எடுத்துக்கொள்ளும் ஸ்பைரனோலாக்டோன் சிறுநீரைப் பெருக்கும் மருந்து. அதையும் எடுத்துக்கொண்டு, தண்ணீரையும் தவிர்த்து, பட்டுடையும் தலைசாமானும் சவுரியும் அணிந்து விளக்குகளின் கீழ் அரைமணி நேரம் ஆடினால் தசைப்பிடிப்பு வராமல் என்ன செய்யும்? நல்ல கழிப்பறை ஒன்று இருந்தால் தண்ணீர் குடிப்பார்கள். தண்ணீர் குடித்தால் நன்றாக ஆடுவார்கள். இவ்வளவுதான் விஷயம்.

திருநம்பிகளுக்கு வேறு கவலை. மார்பை இறுக்கும் பைண்டரை நாள் முழுவதும் போட்டுக்கொண்டு, அதோடு ஒத்திகையும் பார்த்து, அதோடேயே ஆடவும் முற்படுவார்கள். மூச்சு முழுமையாக விரிய முடியாத நிலையில், விரைவான அடவுகளின் கோவையான தீர்மானத்தை ஆடுவது அபாயம். எட்டு மணி நேரத்துக்குமேல் அதை அணியக் கூடாது, உடற்பயிற்சியின்போது கழற்றிவிடுவதே நல்லது, அடிபட்டால் சுற்றும் இழுவைக் கட்டுத்துணியை ஒருபோதும் அதற்குப் பயன்படுத்தக் கூடாது என்பவை மருத்துவ வட்டாரங்களில் பொதுவாகச் சொல்லப்படுபவை. தையற்காரரிடம் முன்கூட்டியே பேசினால் இதற்கு வழி உண்டு. அடர்ந்த நிறத்தில் கனத்த துணியாலான சட்டை, குறுக்கே விழும் அங்கவஸ்திரம், மார்புப் பகுதியில் நேராக வெட்டிய உள்தையல் ஆகியவற்றால் இறுக்கமில்லாமலேயே அவர் விரும்பும் தோற்றத்தைக் கொண்டுவந்துவிடலாம். டெஸ்டோஸ்டிரோன் தொடங்கியவர்களுக்குத் தசை வேகமாக வலுப்பெறும். தசைநார்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுப்பதில்லை என்பதால், முன்பு எட்டாத உயரத்துக்குத் தாவ ஆசைப்படும்போது சற்றுப் பொறுக்கச் சொல்கிறேன். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர் கையைத் தலைக்குமேல் உயர்த்தலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். நிகழ்ச்சித் தேதி அதைச் சொல்லக் கூடாது.

ஒப்பனையில் ஒரு சிறு உத்தி. மழித்த தாடியின் நீலநிழல் விளக்கொளியில் பேன்கேக் என்னும் முகப்பூச்சையும் மீறித் தெரியும். அதற்குமேல் இன்னும் இன்னும் வெள்ளையாகப் பூசுவதால் பயனில்லை, முகம் சாம்பல் பூத்துப் போகும். முதலில் ஆரஞ்சு நிற உதட்டுச்சாயத்தை அந்த இடத்தில் மெல்லியதாகத் தேய்த்து, அதன்மேல் முகநிறத்துக்கு ஏற்ற பூச்சைக் கொடுத்தால் நீலம் அடங்கிவிடும். மூத்த திருநங்கைகளிடமிருந்து நான் கற்ற இந்த உத்தியைப் பிறகு சபா ஒப்பனைக்காரர்களுக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஒளியமைப்பாளர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: ‘மனநிலை’ என்ற பெயரில் மேடை முழுவதையும் நீலத்திலும் ஊதாவிலும் மூழ்கடித்தால் இத்தனை உழைப்பும் வீணாகும், கறுத்த முகங்களின் அபிநயமும் தெரியாது. இளமஞ்சள் ஒளி போதும், அதுவும் பக்கவாட்டிலிருந்து.

அறிமுகம் செய்பவர் எழுதிவைத்துப் படிக்க வேண்டும். மேடையில் சொந்தமாகப் பேச அவரை அனுமதிக்கக் கூடாது. ஆடுகிறவர் தம்மைப் பற்றி என்ன சொல்ல வேண்டும் என்று எழுதிக்கொடுத்தாரோ அதை மட்டும் படித்தால் போதும். ‘இவர் ஒரு காலத்தில் ஆணாக இருந்து’ என்று தொடங்குகிறவரை ஒலிவாங்கியின் பக்கமே விடாதீர்கள். அவர் உள்ளூர்ப் பிரமுகராக இருந்தாலும் மாலை போட்டு உட்கார வைத்துவிடலாம். படம் எடுப்பதிலும் இதே கண்டிப்பு தேவை. எங்களோடு ஆடும் இளைஞர்கள் பலர் வீட்டுக்குத் தெரியாமல் வருகிறவர்கள். பார்வையாளர் ஒருவர் ஆசையாக எடுத்துப் போட்ட காணொளி உறவினர் கைக்குப் போய், ஒரு பையன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் நிறுத்த நேர்ந்தது. அதன்பின், எந்தெந்த உருப்படிகளைப் படமெடுக்கலாம் என்பதை நிரலிலேயே அச்சிடுகிறோம், மற்றவற்றின்போது கைப்பேசியை உறையிலிட்டு வாங்கிவைத்துக்கொள்கிறோம். முணுமுணுப்பு வரும். வரட்டும்.

சட்ட விவரங்களில் அதிகம் நிற்கத் தேவையில்லை. மேடை நிகழ்ச்சிகளைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் தந்த 1954-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2013-இல் செல்லாது என்று அறிவித்துவிட்டது. ஒலிபெருக்கிக்கு அனுமதி பெறுவதும் காவல் நிலையத்தில் முன்கூட்டியே கடிதம் கொடுத்து வைப்பதும் நல்லது. பால்புதுமையினரைக் காவலர்கள் துன்புறுத்தலாகாது என்று தமிழ்நாட்டுக் காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் தனி விதி சேர்க்கப்பட்டது. அதன் நகல் ஒன்றை நுழைவாயில் மேசையின் இழுப்பறையில் வைத்திருக்கிறோம். பதிவுசெய்த பாடல்களை ஒலிபரப்பினால் உரிமக் கட்டணம் உண்டு என்பதைச் சிறிய குழுக்கள் மறந்துவிடுகின்றன. முடிந்தவரை பாடகரையும், தாளமிட்டு ஜதி சொல்லும் நட்டுவாங்கக்காரரையும் நேரில் அழைத்துவிடுவதால் எங்களுக்கு அந்தச் செலவு குறைகிறது, ஆடுகிறவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கிறது.

பார்வையாளர்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். முதல் வரிசையை நன்கொடையாளர்களுக்கு ஒதுக்காமல் ஜமாத்தின், அதாவது திருநங்கைகளின் குடும்பம் போன்ற குழுவின், மூத்த அம்மாக்களுக்கும் நானிகளுக்கும் (பாட்டிகளுக்கும்) வையுங்கள். அவர்கள் சொன்ன நேரத்துக்கு வரமாட்டார்கள். வந்ததும் நடு உருப்படியில் சத்தமாகப் பேசுவார்கள். பிடித்த இடத்தில் அவர்களுக்கே உரிய அந்தக் கைதட்டல் அறையே அதிரும்படி எழும். சபா ஒழுங்கில் பழகியவர்கள் திரும்பிப் பார்த்து முறைப்பார்கள். அவர்கள் முறைக்கட்டும் என்று நான் விட்டுவிடுகிறேன். தங்கள் மகள் ஆடுவதைப் பார்க்க வந்தவர்களுக்கு எப்படி ரசிப்பது என்று பாடம் எடுக்கிற வேலையை நாங்கள் ஏற்கவில்லை. மேடையேறுமுன் இவர்கள் காலைத் தொட்டு வணங்கிவிட்டுப் போகும் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்தால், அந்த வரிசை ஏன் அவர்களுக்கு என்பது தானே விளங்கும்.

நிகழ்ச்சி முடிந்ததும் ஏற்பாட்டாளர்கள் களைத்துப்போய் உட்கார்ந்துவிடுவார்கள். உண்மையில் அப்போதுதான் ஒரு பெரிய வேலை தொடங்குகிறது. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் திருநங்கைகள் 2021 முதல் மகளிரைப் போலவே கட்டணமின்றிப் பயணிக்கலாம் என்றாலும், இரவு 10 மணிக்குமேல் அந்தப் பேருந்துகளுக்காக நிறுத்தத்தில் ஒப்பனை கலையாத முகத்தோடு நிற்பது எவருக்கும் பாதுகாப்பன்று. எண்ணெயும் பஞ்சும் சோப்பும் போதிய அளவு வைத்து, முகம் கழுவ நேரம் கொடுத்து, எந்தத் திசையில் எத்தனை பேர் போகிறார்கள் என்று முன்பே எழுதிவைத்து, வண்டி பேசி அனுப்புகிறோம். கடைசி ஆள் வீடு சேர்ந்ததாகச் செய்தி வரும்வரை பொறுப்பாளர் இருவர் கூடத்திலேயே இருப்பார்கள். மீதித் தொகையை அன்றிரவே, வண்டியில் ஏறுமுன், உறையிலிட்டுக் கையில் கொடுத்துவிட வேண்டும். ‘நாளைக்கு அனுப்புகிறோம்’ என்ற சொல்லை இவர்கள் பலரிடம் கேட்டு அலுத்தவர்கள். வசூல், செலவு, மிச்சம் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி ஆடியவர்கள் எல்லோருக்கும் ஒரு வாரத்துக்குள் அனுப்பிவிடுகிறோம். அடுத்த ஆவணியில் எந்தத் தேதி என்பதை அந்தத் தாளின் அடியிலேயே கேட்டுவிடுவது வழக்கம். கரகாட்டக்கார அக்காவுக்கு மட்டும் தாளோடு வெற்றிலைபாக்கும் முன்பணமும் நேரில் போகும்.